மேர்சி அக்காவின் மூன்று துணித்துண்டுகள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியபோது என் பையில் இரண்டு சட்டை, ட்ரம் திருகு முறுக்கும் சாவி, தேவைக்கு மேலான தலைக்கனம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு சிறிய தேவாலயத்துக்குப் போகிறேன். அங்குள்ள ட்ரம் செற் அடைத்த சத்தம் போடுகிறது, ஞாயிறு ஆராதனைக்குமுன் சரிசெய்து தாருங்கள் என்று பாடகர் குழுவை நடத்தும் ஞானம் மாஸ்டர் அழைத்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு இறங்கினேன். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஓட்டோவில் முந்நூறு ரூபா. ஓட்டியவர் பக்கத்து ஊரான கிண்ணியாக்காரர். அந்தக் கோயிலில் ட்ரம் அடிக்கிற அக்கா கெட்டிக்காரி என்றார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

அந்த அக்காதான் மேர்சி. வீட்டில் தையல் வேலை. மூன்று ட்ரம்களின் தோலிலும் ஓரம் தைத்த சிறு துணித்துண்டை பிளாஸ்ரரால் ஒட்டியிருந்தார். தோலைச் சுற்றியுள்ள ஒவ்வொரு திருகின் அருகிலும் தட்டிப் பார்த்து, எல்லா இடமும் ஒரே சுரம் பேசும்வரை முறுக்கவேண்டும். இல்லாவிட்டால் அடியின் பின்னால் வேண்டாத ரீங்காரம் இழுபடும். அதைத் துணியால் அமுக்குவது முறுக்கத் தெரியாதவர்களின் வழி என்பது என் கட்சி.

"என்னக்கா, ட்ரம்முக்குக் காயமோ? கட்டுப் போட்டிருக்கிறீங்கள்" என்றேன். பாடகர் குழு சிரித்தது.

"துணி நாளை மட்டும் இருக்கட்டும் தம்பி. இஞ்ச கப்பல் வந்தால்..." என்று தொடங்கினார். நான் கேட்டு முடிக்கவில்லை. மூன்றையும் உரித்துத் தரையில் போட்டேன்.

நாலு மணிக்கு ட்ரம் மணிபோலப் பேசியது. மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். நாளைக்கு நீங்களே அடியுங்கோ என்றார். இந்த நினைவு ஆராதனைக்காக மேர்சி அக்கா மூன்று மாதம் பழகியவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டினேன். அவர் ட்ரம் தடிகளைத் தான் இருந்து அடிக்கும் கதிரையில் வைத்தார், துணிகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிறு ஒன்பது மணி. இரண்டாம் பாடல் முடிந்து, அந்த ஆண்டில் இறந்தவர்களுக்காக மௌன செபம். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஊதல் நின்றது. ட்ரம் நிற்கவில்லை. யாரும் தொடாத பெரிய ட்ரம் அதே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. பாய்ந்து கையால் அமுக்கினேன். கப்பல் மறுபடி ஊதியது, பக்கத்து ட்ரம் முனகத் தொடங்கியது. முன் வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஓர் அம்மா கண் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மேர்சி அக்கா தன் வாங்கிலிருந்து எழுந்து, சத்தம் கேளாதபடி செருப்பில்லாமல் வந்தார். கைப்பையிலிருந்து மூன்று துணிகளையும் எடுத்து, பழைய இடங்களிலேயே ஒட்டினார். மூன்றாம் ஊதலுக்கு ட்ரம் வாய் திறக்கவில்லை. அப்போதே தடிகளை அவர் கையில் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கவில்லை. ஆராதனை முடியும்வரை நானே அடித்தேன்.

வெளியே, எல்லோருக்கும் முன்னால், இப்படிச் சுத்தமான சத்தம் இங்கே கேட்டதில்லை என்று மாஸ்டர் என்னைப் புகழ்ந்தார். மேர்சி அக்கா பக்கத்தில் நின்றார். நான் நன்றி சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இரண்டு மணி பஸ். ஹொரவப்பொத்தானை தாண்டியதும் பொறுக்கமுடியாமல் மாஸ்டருக்குத் தொலைபேசினேன். புகழ் எனக்குரியதில்லை, பிழை என்னுடையது, துணிதான் காப்பாற்றியது என்று கொட்டித் தீர்த்தேன்.

"ஓம் தம்பி, எல்லாரும் பார்த்தனாங்கள்தானே" என்றார். பிறகு சொன்னார்: "நீங்கள் தலை குனிஞ்சு நிண்டதைப் பார்த்து மேர்சிதான் சொன்னவ, தூர இருந்து வந்த பிள்ளை, வெறுங்கையோட அனுப்பாதேங்கோ, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி விடுங்கோ எண்டு."

யாழ்ப்பாணம் வரும்வரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.