கோல் கம்பத்தடியில் புதைத்த எலுமிச்சம்பழம்

எங்கள் அணி ஜெயித்துப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் நம் ஆட்கள் சேர்ந்து ஆடிய கால்பந்து அணி அது. மற்றவர்கள் பூட்ஸ் போட்டு ஆட, எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு ஓடி வருஷா வருஷம் உதை வாங்கினார்கள். ஆனாலும் சனிக்கிழமையானால் டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டிலிருந்து திடலுக்கு நடையைக் கட்டிவிடுவேன். வெட்கங்கெட்ட ஜென்மம், வேறென்ன சொல்ல.

அந்த வருஷம் வெட்கம் போய்ப் பயம் வந்தது. கடைசி இடத்தில் நிற்கும் அணியை லீக்கிலிருந்து நீக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தைச் சமனாகவாவது முடித்தால் பிழைத்தோம். தோற்றால் அணியே கிடையாது. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அணி இல்லாத சனிக்கிழமையில் எங்கே நடப்பது என்றே தெரியவில்லை.

கோல் காத்தவர் என் அக்காவின் கணவர். எங்கள் தோல்விக்கெல்லாம் கண்ணேறுதான் காரணம் என்பது மச்சானின் தீர்மானம். அம்மன் கோயிலில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் குங்குமம் தடவி அன்று கொண்டுவந்திருந்தார். எந்தப் பக்கம் ஆடுவது என்று முடிவானதும், மண்ணைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்து, தன் கோல் கம்பத்தடியில் புதைத்துவிட்டார். அணி முழுக்க அது தெரியும். எனக்கும் தெரியும்.

பாதி ஆட்டம் வரை ஒரு கோலும் விழவில்லை. பந்து இரண்டு முறை அந்தக் கம்பத்திலேயே பட்டுத் திரும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இடைவேளை முடிந்து ஆட்கள் பக்கம் மாறி நின்றபோதுதான் நெஞ்சு திக்கென்றது. பழம் இப்போது எதிராளியின் கோலில் இருக்கிறது! பாதியில் பக்கம் மாறும் என்பது, இத்தனை வருஷம் பந்து பார்த்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அட மடப்பசங்களா என்று என்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டேன்.

பயந்தபடியே ஆயிற்று. சாதாரணமாக உருண்டு வந்த பந்து மச்சானின் கைக்கு அடியில் நுழைந்து கோலானது. நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

ஆட்டம் முடியப்போகும் நேரம் எங்களுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. கிடைத்து என்ன? உதைக்க ஒருவன் முன்வரவில்லை. வழக்கமாக உதைப்பவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கம்பத்தடியையே பார்த்தார்கள். சாமி பழத்துக்கு எதிராக யார் உதைப்பது? நடுவர் விசிலை ஊதி ஊதி அவசரப்படுத்தினார்.

அந்தக் கோடியிலிருந்து மச்சான் நடந்து வந்தார். கம்பத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பந்தை வைத்தார், உதைத்தார். வலை அதிர்ந்தது. ஆட்டம் சமன். அடுத்த வருஷமும் அணி உண்டு. நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கூட்டம் கலைந்ததும், பழத்துக்கு எதிராக உதைக்கப் பயமாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கால்சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார். ஈர மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"இடைவேளையிலேயே தோண்டிட்டேன் மாப்ளே."

பாவிமனுஷன், அதை அப்போதே சொல்லியிருந்தால் நம் ஆட்கள் அப்படி நடுங்கியிருக்க மாட்டார்களே என்று கத்தினேன்.

"சொன்னா, பழத்தைப் பையில வச்சுக்கிட்டு எப்படிக் கோல் விட்டேன்னு கேப்பானுங்களே?"

கண்ணேறும் இல்லை, ஒன்றும் இல்லை, நமக்கு ஆடத்தான் தெரியவில்லையோ என்ற பயம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். திடலைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

கடைத்தெரு முனையில் அவர் நின்று, பழத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது ரொம்பச் சின்னதுலா மாப்ளே. அடுத்த வருஷம் பெருசா ஒண்ணு வாங்கிருவோம்."

ஆமாம் மச்சான், அதுதான் குறை என்றேன்.