பாதி போட்டால் கிலோ

எங்கள் ஜிம் மாஸ்டருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து முதுகுவலி வரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். எதிர்க்கேள்வி கேட்பவனைத்தான் அவருக்குப் பிடிக்காது. இரண்டாயிரங்களின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில், மூடிப்போன ஒரு மாவு மில்லில் அந்த ஜிம்மை நடத்தினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதியத்தில் சும்மா நின்றாலே இரண்டு கிலோ குறையும்.

இரும்பு பிளேட்டுகளைத் துறைமுகப் பக்கம் ஏதோ ஏலத்தில் எடுத்திருந்தார். "அமெரிக்கா இரும்புபா, நம்மூர்ல இந்த குவாலிட்டி கெடைக்காது" என்று வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவற்றில் 45, 35, 25 என்று பவுண்டுக் கணக்கு வார்த்திருந்தது. மாஸ்டர் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்து 45-க்கு மேல் 22½ என்றும் 25-க்கு மேல் 12½ என்றும் எழுதிவிட்டார். பிளேட் மாட்டும் கம்பியும் 45 பவுண்டு, அதுவும் 22½ ஆனது. பவுண்டில் பாதி போட்டால் கிலோ, அவ்வளவுதான் அவர் கணக்கு.

நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "மாஸ்டர், ஒரு பவுண்டுன்னா நானூத்தி ஐம்பத்து நாலு கிராம்தான். ஐந்நூறு இல்ல" என்றேன்.

"பேக்கரில போய் கேளு. ஒரு பவுண்டு பிரெட்டு அரை கிலோ."

"கவர்ல நானூறு கிராம்னு போட்டிருக்கு மாஸ்டர்."

"அது பேக்கரிகாரன் அட்ச்சினுகீற கொள்ளை. அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஜிம்மே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் கால்குலேட்டர்.

பவுண்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. பதினாறு அவுன்ஸ் ஒரு பவுண்டாம், பதினாலு பவுண்டு ஒரு ஸ்டோனாம், எட்டு ஸ்டோன் ஒரு ஹண்ட்ரட்வெயிட்டாம். பெயரில் நூறு என்று வைத்துவிட்டு உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பவுண்டைத் திணித்திருக்கிறான். ஒழுங்காக எண்ணத் தெரியாதவன் ஊரையே ஆண்டுவிட்டுப் போனான். ஆனாலும் அவன் எப்படியோ ஒரு கணக்கு வைத்திருந்தான். எங்கள் மாஸ்டரிடம் பெயிண்ட் டப்பாதான் இருந்தது.

இதெல்லாம் தமாஷாகவே போயிருக்கும், என் அத்தை மகன் மட்டும் அங்கே வராமல் இருந்திருந்தால். பீர்க்கன்கரணையில் வீடு, திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. காலையில் ஆறு மணிக்கே ஜிம்முக்கு வந்துவிடுவான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை என்ற ஒன்றே அவனுடைய கனவு. பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கும் மாவட்ட பெஞ்ச் பிரஸ் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே ஒரு மெடல் வாங்கிவிட்டால் விண்ணப்பம் போடலாம். அந்த வருடத்தோடு அவனுக்கு வயது வரம்பும் முடிகிறது.

பக்கத்துக்கு இரண்டு பெரிய பிளேட், நடுவில் கம்பி. மாஸ்டர் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டரை கிலோ. அதைத் தினமும் தூக்கினான். உண்மையில் அது நூற்றிரண்டு. அவன் எடைப் பிரிவில் அதுவே பெரிய விஷயம். ஆனால் மாஸ்டரிடம் அதை யார் சொல்வது?

போட்டி குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதலில் எவ்வளவு தூக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதன்பிறகு எடையை ஏற்றலாம், இறக்க முடியாது. மூன்று வாய்ப்பு. மாஸ்டர் நூற்றேழரை என்று சொல்லக் கிளம்பினார்.

"தொண்ணூறுல ஆரம்பிக்கலாம் மாஸ்டர், கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன்.

"தொண்ணூறா? என் ஜிம்மு பேர நாறடிக்கவே வந்தியாடா கால்குலேட்டரு?"

என் அத்தை மகன் என் தோளில் கை வைத்தான். "வுடு மச்சான். மாஸ்டர் சொன்னா கரீட்டா இருக்கும்."

கம்பி அவன் நெஞ்சுக்கு இறங்கியது, ஏறவில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்கள் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை பாதி வரை வந்து நின்றபோது அவன் கழுத்து நரம்பைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். "காலீல துன்னியா இல்லியாடா?" என்று மாஸ்டர் மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார். அவன் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார்கள். அந்தப் பிரிவில் ஜெயித்தவன் தூக்கியது நூறு கிலோ.

பஸ் ஸ்டாப்பில் மாஸ்டர் காரணங்களை அடுக்கினார். கண் பட்டுவிட்டது. முந்தின ராத்திரி பரோட்டா தின்றிருப்பான். "அவனுங்க பிளேட்டே டூப்ளிகேட்டு. வெயிட்ட ஏத்தி வச்சிகீறானுங்க" என்பதுதான் கடைசிக் காரணம். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. என் அத்தை மகனோ அவருடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஒரு மாதம் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருமுடிவாக்கத்துக்கு வரச் சொன்னான். சைக்கிள் கேரியரில் ஜிம் பிளேட் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். கம்பெனியில் ஸ்கிராப் போடும் எலெக்ட்ரானிக் தராசில் அதை வைத்தோம். மேலே வெள்ளைப் பெயிண்டில் 22½. கீழே சிவப்பு எண்ணில் 20.4.

அவன் பிளேட்டைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் 20.4.

"அப்போ அன்னிக்கு நூறு சொல்லியிருந்தா?"

"கண்ண மூடிகினு தூக்கியிருப்ப மச்சான்."

"எனக்குத் தெம்பு இல்லாம இல்ல, இல்ல?"

"இல்லடா."

அவன் முகம் தெளிந்தது. பிளேட்டைத் திரும்பக் கேரியரில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"அட்த்த வருசம் தொண்ணூறுலயே ஆரம்பிச்சிடணும்டா" என்றான்.

அடுத்த வருடம் எவ்வளவு தூக்கினாலும் ரயில்வே அவனை எடுக்காது என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். "ஆமா மச்சான், தொண்ணூறு" என்றேன்.