கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் கிடையாது

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் வலி. அதற்குக் கொடுத்திருக்கும் மார்பின் மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு வரைக்கும் இழுத்தேன்.

"இன்னும் ரெண்டு கோடு சேத்து இழேன்டி" என்றார்.

"நர்சம்மா சொன்ன கோடு இதாங்க. வலி அடங்கலன்னா அவங்களுக்குப் போன் போடறேன். நானா ஒரு சொட்டு ஜாஸ்தி ஊத்த மாட்டேன்."

அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் சின்ன வயதில் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் எங்கப்பா குடித்த மருந்து பாட்டில் ஞாபகம் வந்தது. அபின் கலந்த பழுப்பு மருந்து, சோம்பு வாசனை. கம்பவுண்டர் பாட்டில்மேல் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டியிருப்பார். வேளைக்கு ஒரு பல் அளவு. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடலை விற்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாதென்று, அப்பா அத்தனை பல்லையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

புளியமரத்தடியில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது. சாமியார் நிஷ்டையில் இருக்கிறார் என்று ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் மாலையே போட்டார். எனக்கு ஒரே சிரிப்பு. அம்மாதான் அவர் மூச்சு இழுப்பதைப் பார்த்துப் பதறினாள்.

"சாமியுமில்ல பூதமுமில்ல, தள்ளுங்கய்யா!"

மாலையோடு மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிழைத்தார்.

இந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர், "எனக்கு மாலை வேணாம், கோடே போதும்" என்று வாயைத் திறந்தார். கொடுத்துவிட்டு, மூச்சைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முகச்சுளிப்பு விட்டது.

"நேத்து வெச்ச சாம்பாரையா இன்னிக்கும் ஊத்தப் போற?" என்று சண்டைக்கு வந்தார்.

எத்தனை நாளாயிற்று அவர் சண்டை போட்டு! விடுவேனா, நானும் பதிலுக்கு நன்றாகப் போட்டேன்.