அருளண்ணையின் பெடல்

திங்கட்கிழமை காலை அருளண்ணையின் மனைவி ரெஜினா தொலைபேசியில் அழைத்தார். "ரீச்சர், இவர் போயிட்டார். வேலையில நெஞ்சு நோகுதெண்டு இருந்தவராம், பிறகு எழும்பேல்லை." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். சனிக்கிழமைதான் அந்த மனுசனோடு சண்டை பிடித்திருந்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது அவருடைய வழக்கம்தான். அதற்காக இப்படியா?

அவரை அறிந்த சபையார் உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் மின்கருவிகள் திருத்துகிற வேலை. சனிக்கிழமைகளில் பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடற்குழுவுக்கு வருவார். பாடுவதற்கல்ல, பாட நாங்கள் விட்டிருக்கவும் மாட்டோம். மைக்கும் வயரும் பார்க்க வருவார். நான் ஓர்கன் வாசிக்கிறவள். யாழ்ப்பாணத்தில் சங்கீத ரீச்சராக இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு கிழமை நாட்களில் பழம் பொதி செய்கிறேன். அந்த ஓர்கன் கதிரையில் இருக்கும்போது மட்டும்தான் நான் இன்னமும் ரீச்சர்.

அந்தக் கதிரை போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. சில காலைகளில் பொத்தான் பூட்டவே முடியாது. ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் தேநீர் வேளையில் பால் போத்தல் மூடியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அருளண்ணை வந்தார், வாங்கினார், திறந்து வைத்தார், வயர் ஒன்றைத் தேடிக்கொண்டு போய்விட்டார். கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே ஒரு கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "இதிலை பாட்டை ஏத்திவிட்டா ஓர்கனுக்குப் பக்கத்திலை நிக்கிற கீபோட்டை அதுவே வாசிக்கும், ரீச்சர். மிசின் பிழை விடாது."

"அப்ப நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டேன்.

"பிளக் எங்க இருக்கு?" என்றார்.

அந்த டிசம்பர் நத்தார் ஆராதனையை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் சனம் கடைசி வரியை இழுக்கும். மன்னார்க்காரர் இன்னும் ஒரு முழம் கூட இழுப்பார்கள். தமிழ்நாட்டுக்காரர் அதற்குள் முடித்துவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லோரும் வந்து சேரும்வரை நான் ஓர்கனில் காத்திருப்பேன். கொம்பியூட்டர் காத்திருக்கவில்லை. நாங்கள் மூன்றாம் சரணத்தில் நிற்க, அது பாட்டையே முடித்துவிட்டது. ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் போதகர் முழித்தார். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம், மறைப்பானேன்.

வேறு ஆளென்றால் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். இவர் ஒரு பழைய தையல் மிசினின் பெடலைக் கொண்டுவந்து அதிலே பூட்டினார். "மிதிச்சா அந்தச் சுரத்திலையே நிக்கும். காலை எடுத்தா வெளிக்கிட்டு மேல ஓடும். சனம் வேணுமெண்ட அளவு இழுக்கட்டும்." அது போதாதென்று, ஒவ்வொரு சனிக்கிழமையும் வயர் பரிசோதனை. "கீபோட்டிலை ஒரு பாட்டு வாசியுங்கோ ரீச்சர், வயர் பாக்கவேணும்."

"போன கிழமையும் பாத்தனீங்கள்தானே?"

"ஓம், இது வேற வயர்."

உலகத்தில் இருக்கிற வயர் எல்லாம் அந்தச் சபை மண்டபத்தில்தான் இருந்ததோ, கடவுளே! நோகிற விரலோடு நான் வாசித்துத் தொலைத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை பெடலை ஓர்கன் கதிரைக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னை எழுப்பிப்போட்டு இந்தப் பெட்டியை இருத்தத்தானே நிக்கிறியள்? தூக்கிக்கொண்டு போங்கோ!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஒருக்கா மிதிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்க ஆராதனைக்கு நான்தான் வாசிக்க வேண்டும் என்று ரெஜினா கேட்டார். அதற்கு முதல்நாள் பின்னேரம் மண்டபத்துக்குப் போய் ஓர்கனைத் திறந்தேன். விரல் மடங்கவில்லை. வேறு வழியில்லாமல் அவருடைய கொம்பியூட்டர் பெட்டியைப் போட்டேன். எந்தப் பொத்தானை அமத்துவது என்று அதில் காகிதம் ஒட்டியிருந்தார். கீபோட் வாசிக்கத் தொடங்கியது. மூன்றாம் வரியின் திருப்பத்தில் இடக்கை கொஞ்சம் பிந்தி வந்தது. அந்தப் பிழை சின்ன வயதிலிருந்தே என்னோடு இருப்பது. உலகத்தில் வேறு எவருக்கும் அது இல்லை.

அடுத்த பாட்டைப் போட்டேன், அதற்கடுத்ததையும் போட்டேன். எல்லாம் நான் வாசித்தவை. வயர் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, என் விரல்கள் ஓடுகிற காலத்திலேயே அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். மிசின் பிழை விடாது என்று சொன்ன மனுசன், என் பிழை ஒன்றையும் திருத்தவில்லை.

"உங்கட விரலுக்காகத்தான் ரீச்சர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துபோயிருக்குமா? சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நோவும் இல்லை என்று சண்டைக்குப் போயிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஆராதனையில் நீங்கள் எல்லோரும் அழுதுகொண்டு வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தீர்கள். கடைசி வரியில் ரெஜினாவின் குரல் மட்டும் விக்கி விக்கிப் பின்னால் வந்தது. அவர் பாடி முடிக்கும்வரை நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

பெடல் இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிறுகளில் அதே கதிரையில்தான் இருக்கிறேன். மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னீர்களே அருளண்ணை, மிதித்துப் பார்த்துவிட்டேன். நல்லாத்தான் இருக்கு. இனி இதை நான் ஆரிட்டச் சொல்லுறது?