வெள்ளைத்தாள் நீட்டாத நாள்

ஃபுசேவின் கை தப்பாது என்பது அந்த ஆய்வுக்கூடத்தில் வேதவாக்கு. உவேதா நகரத்துப் பல்கலைக்கழகத்தில், சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அளவீட்டு அறையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் அவள். கணவன் செத்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. பட்டம் வாங்கிப் போனவர்கள் எல்லாம் அவள் ஏட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

ஆராய்ச்சி மாணவன் நகுரா நான்கு வருடமாகச் செய்தது ஒரே வேலை. தலைமுடியைவிட மெல்லிய கார்பன் நானோ குழாய்களின் மேல், ஒளி பட்டால் வளைந்து நிமிரும் மூலக்கூறுகளை ஒட்டுவது. புற ஊதா ஒளியில் மின்னோட்டம் இறங்கும், பச்சை ஒளியில் மெல்ல ஏறும். மூலக்கூறுதான் சுவிட்சு என்பது அவன் ஆய்வேடு. வெள்ளிக்கிழமை பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு.

செவ்வாய்க்கிழமை அவசரத்தில், மூலக்கூறே ஒட்டாத வெறும் குழாய் பதித்த சிலிக்கான் சில்லை ஃபுசே கருவியில் பொருத்திவிட்டாள். அதிலும் மின்னோட்டம் இறங்கியது, ஏறியது. இன்னொரு தடவை அளந்தாள்; அதேதான். ஒளி பட்டதும் குழாயில் ஒட்டியிருந்த ஆக்சிஜன் கழன்றுபோகிறது, பிறகு மெல்லத் திரும்ப ஒட்டுகிறது, அவ்வளவுதான். சுவிட்சும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனால் வெறும் குழாயில் மாற்றமில்லை என்று நான்கு வருடம் முன்பு எழுதி முத்திரை குத்தியவள் அவளேதான்.

பழைய ஏட்டைப் புரட்டினாள். அந்த அளவீட்டுக்கு மறுநாள் குறிப்பில் இருந்தது: ‘விளக்கு செத்திருந்தது, மாற்றினேன்.’ புற ஊதா கண்ணுக்குத் தெரியாது. அதனால் அளக்குமுன் வெள்ளைத்தாளை நீட்டிப் பார்ப்பார்கள். தாள் நீலமாக ஒளிர்ந்தால் விளக்கு எரிகிறது. அந்த ஒருநாள் பாவி தாள் நீட்டவில்லை. விளக்குப் பெட்டியின் மின்விசிறிச் சத்தத்தை நம்பிவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டால் நகுராவுக்குப் பட்டமும் வேலையும் நிச்சயம். பொய் சொல்வானேன், ஓர் இரவு முழுக்க அதைத்தான் யோசித்தாள். புதன் மதியம் மாடிப்படியில் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தவனிடம் போய் நின்றாள்.

“நகுரா, வெறும் சில்லுலயும் கரண்ட் இறங்குது. அன்னிக்கு விளக்கு எரியல. நான்தான் பாக்காம விட்டுட்டேன்.”

அவன் மென்று விழுங்கினான். “ஆமாங்க, இறங்கும். தெரியும்.”

“எப்படிடா தெரியும்?”

“ரெண்டு வருஷம் முன்னாடி நானே அளந்தேன். உங்க ஏட்டுல இறங்கலன்னு இருந்துச்சு. ஃபுசே-சான் கை தப்பாது, என் கைதான் சரியில்லன்னு பதினோரு தடவை அளந்தேன். அப்புறம் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“உங்களையா? எப்படிங்க கேக்குறது?”

இருவரும் ஆய்வுக்கூடத்துத் தலைவர், பேராசிரியர் ஹிதாகாவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார்கள். தேர்வு நின்றது. அளவீட்டை மறைத்தவன் என்று அறிக்கை எழுதி நகுராவைப் படிப்பைவிட்டே அனுப்பிவிட்டார்கள். படுபாவிகள், விளக்கைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஃபுசே ஹிதாகாவின் அறைக்குத் திரும்பவும் போனாள். “ஐயா, தப்பு என்னோடதுங்க. அதையும் எழுதுங்க.”

“கிழிச்சுப் போட்டது அவன்தானேம்மா,” என்றார் அவர். “நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்க கை தப்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”