பூக்கூடையில் வந்த ஊசி மருந்து

என் மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைப் பதம் பார்த்துவிட்டது. மேலும் கெடாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. நாள் தவறக்கூடாது என்றார் டாக்டர். தவறாது என்றேன். சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை.

போன வருடம் ஒரு நாள் வழக்கமான மெடிக்கலில் "ஸ்டாக் இல்லம்மா" என்றார் கடைக்காரர். பக்கத்துக் கடைகளிலும் அதே பதில்தான். ஊசி போட்டால் இரண்டு நாள் நொண்டும் மகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

நான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவள். வரத்து குறைந்தால் விலை ஏறும், விலை கொடுத்தால் பூ வரும். அதே நினைப்பில் மெடிக்கலுக்குத் திரும்பப் போய், "எம்புட்டு கேட்டாலும் தாரேண்ணே, எடுத்துக் குடுங்க" என்றேன். ஒளித்து வைத்திருக்கிறார் என்றே நம்பினேன்.

"இதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு விலை வச்சிருக்கும்மா. மூலப்பொருளு வெளிநாட்டுல இருந்து வரணும், அங்க விலை ஏறிப்போச்சு. கட்டுபடியாகலைன்னு கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்க. இல்லாததை எங்க போயி எடுக்க?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏழைக்கும் எட்டட்டும் என்று வைத்த விலை, நல்ல எண்ணம்தான். ஆனால் மருந்தே இல்லாத ஊரில் மலிவு விலையை வைத்து என்ன செய்ய? யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த ஊசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

என் கடையிலிருந்து தினமும் கரூருக்கும் பழனிக்கும் பஸ்ஸில் பூக்கூடை போகும். அங்கே பூ வாங்கும் வியாபாரிகள் எல்லோருக்கும் காலி மருந்துக் குப்பியைப் படமெடுத்து அனுப்பினேன். பூ விலை கேட்டவர்களிடமெல்லாம் மருந்து கேட்டு உயிரை எடுத்தேன். நான்காம் நாள் பழனி வியாபாரி கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைல மூணு இருக்குதுங்க. டாக்டர் சீட்டை நேர்ல காட்டுனாத்தான் தருவாராமுங்க."

மறுநாள் காலை மல்லிகைக் கூடைக்குள் பிளாஸ்டிக் கவரில் சீட்டு போனது. மத்தியானம் திரும்பி வந்த காலிக் கூடையில் சீட்டோடு ஒரே ஒரு குப்பி. மூன்றையும் ஏன் வாங்கவில்லை என்று போனிலேயே சண்டை பிடித்தேன்.

"இன்னும் ரெண்டு அம்மாங்க சீட்டோட நின்னாங்கக்கா" என்றார்.

குப்பியை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டப் போனேன்.

சாயங்காலம் ஊசி போட்டாயிற்று. நாள் தவறவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் நொண்டிக்கொண்டே போய்க் காலண்டரில் மூன்று வாரம் எண்ணி வட்டம் போட்டாள். எப்போதும் அது அவள் வேலை.

"அடுத்த தடவை கிடைக்காட்டி என்னம்மா செய்ய?" என்றாள். இந்த முறை அவள் குரலில் கொண்டாட்டம் இல்லை, பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். அவளிடம் சொல்லவில்லை.

"பூ போற ஊர்ல எல்லாம் கேப்பேன்" என்றேன்.

மறுநாள் காலை கரூர்க் கூடையில் முதலில் சீட்டை வைத்தேன். அதற்குப் பிறகுதான் பூவைக் கொட்டினேன்.