அக்கா நிறுத்திவைத்த கிரேன்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நான் நேரில் கண்டவற்றையும், கண்டவர்கள் என்னிடம் சொன்னவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். அவர் இருந்தபோதே அவரைப் பற்றிச் சரிபார்க்காத சொற்கள் பல உலவின. அவற்றோடு இன்னொன்றைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி இரயில்வே குடியிருப்பில் மூத்தவராய்ப் பிறந்தார். அப்பா காலமானபின் என்னைப் படிக்கவைத்தவர் அவரே. கிடர்பூர் துறைமுகப் பகுதியில் ஒரு தனியார் சரக்குக் கிடங்கில் தட்டச்சராகச் சேர்ந்து, எழுபதுகளின் நடுவில் அதன் பொறுப்பதிகாரியானார். முன்பிருந்தவர் குரலை உயர்த்தினால் கண்டிப்பு என்றார்கள். அக்கா உயர்த்தினால் கல்யாணமாகாத எரிச்சல் என்றார்கள்.

சென்ற ஆண்டு விசுவகர்மா பூசைக்கு நான்கு நாள் முன்பு, கிரேனின் கம்பிவடத்தில் இழைகள் அறுந்திருப்பதைக் கண்டு, இயக்கக் கூடாதென்று பலகை மாட்டினார். மறுநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, சுமைத் தொழிலாளர் தலைவர் அவரிடம் வங்கமொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"தீதி, பழைய பாபு நிறுத்தினா விவரமானவர்னாங்க. நீங்க நிறுத்தினா பயந்தாங்கொள்ளின்னு ஆபீசே சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களை அந்தக் கொக்கிக்குக் கீழே வந்து நிக்கச் சொல்லுங்க."

பூசையன்று பொறுப்பதிகாரி கையால் தேங்காய் உடைப்பது அங்கே வழக்கம். அக்காவை அழைக்கவில்லை; அவர் விடுப்பெடுத்து வீட்டிலேயே இருந்தார். தடைப்பலகை தொங்கும் இயந்திரத்துக்குக் குங்குமம் இடலாகாதென்று பலகையைக் கழற்றினார்களாம். வடம் முழுவதும் புதுக் கிரீசு பூசி மாலையிட்டார்களாம். அறுந்த இழைகள் மறைந்துபோயின. இதைப் பின்னர் தலைவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று மாலை, "நாளைக்கும் லீவு போடேன், அக்கா" என்றேன்.

"நான் போகலைன்னா அதை ஓட்டிடுவாங்கடா."

மறுநாள் காலை அவர் போய்ச் சேருமுன்பே அது ஓடிக்கொண்டிருந்தது. தொங்கிய சணல் பொதிகளின் கீழே நின்ற இருவரை அக்கா அங்கேயே ஓடிச்சென்று கத்தி விரட்டியதைத் தலைவர் கண்டார். இருவரும் விலகினர். வடம் அறுந்தது. அக்காவுக்கு விலக நேரமிருக்கவில்லை.

'பெண் அதிகாரி பதற்றமடைந்து ஆபத்தான இடத்துக்குள் ஓடினார்' என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. அதை நானே படித்தேன்.

அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய தொழிலாளர்களுக்கும், பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் உணவளித்த அண்டை வீட்டாருக்கும், ஆளில்லாத எங்கள் குடும்பத்துக்குத் தோள்கொடுத்த உறவினருக்கும் என் நன்றி உரியது.

அன்று காலை கிரேனை இயக்கச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் கேட்டவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கிரேன் இன்றும் இயங்குகிறது. இப்போது அதில் இருக்கும் வடம் எத்தகையது என்பதும் தெரியாது.